அல்கஸாரும் இருபது லட்சக் கோடும்

எங்கள் வீட்டில் இருக்கும் பழைய டீசல் வண்டிக்கு வருகிற ஜனவரியோடு பதினைந்து வருடம் முடிகிறது. ஆர்.சி.யைப் புதுப்பித்து இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம், இன்ஜின் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த மாடலை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டதால் சின்னச் சின்ன சாமானுக்கெல்லாம் கோயமுத்தூர் உக்கடம் போய், பழைய இரும்புக் கடைகளில் குனிந்து தேட வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரே ஒரு கதவுக் கைப்பிடிக்காக அரை நாள் போயிற்று. கிடைத்த கைப்பிடியும் வேறு கலர். அன்று ராத்திரி சாப்பிடும்போதே முடிவாகிவிட்டது, புது வண்டி எடுப்பதென்று.

எங்களுக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கேரளா. வீட்டில் பேச்சு தமிழ், கடையில் பேச்சு தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மட்டும் மலையாளம், வண்டி நம்பர் கே.எல். 70. கொப்பரை போடும் களம் இருக்கிறது, அதனால் வாரத்துக்கு மூன்று தடவை பொள்ளாச்சி, இரண்டு தடவை கோயமுத்தூர். அப்பா, அம்மா, நான், மனைவி, இரண்டு குழந்தைகள், தம்பி மகன் (எங்களோடு இருந்து பத்தாவது படிக்கிறான்) என்று எண்ணினால் சரியாக ஏழு பேர். ஏழு சீட் என்பது எங்களுக்கு ஆடம்பரமில்லை, கோயிலுக்குப் போகும்போது ஒருத்தரையும் விட்டுவிட்டுப் போகாமல் இருப்பதற்கு.

இரண்டு மாதமாக இதே வேலையாகத்தான் அலைந்தேன். பார்த்ததில் கடைசி வரை பட்டியலில் நின்றது ஹூண்டாய் அல்கஸார், 2024 செப்டம்பரில் புது முகத்தோடு வந்ததே, அது. வண்டி எப்படி ஓடுகிறது என்று சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது அதன் விலையைப் பற்றி, அந்த விலையை எந்த இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதைப் பற்றி. எல்லையில் இருக்கிறவனுக்கு இது இரண்டு மடங்கு வேடிக்கையாக இருக்கிறது.

முதலில் அறிமுக விலை. பெட்ரோல் 14.99 லட்சத்தில் ஆரம்பம், டீசல் 15.99 லட்சத்தில். எக்ஸ் ஷோரூம், அதாவது ரோடு வரியும் இன்ஷூரன்ஸும் சேராமல். எக்சிகியூட்டிவ், பிரெஸ்டீஜ், பிளாட்டினம், சிக்னேச்சர் என்று நாலு படி. பிரெஸ்டீஜ் மேனுவல் 17.18, பிளாட்டினம் மேனுவல் 19.46, அதே பிளாட்டினம் ஆட்டோமேட்டிக் 20.91. இதில் ஒரு விசித்திரம், அடிப்படை வேரியண்டில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஒரு லட்சம் வித்தியாசம் வைத்தவர்கள் பிரெஸ்டீஜிலிருந்து இரண்டுக்கும் ஒரே விலை போட்டுவிட்டார்கள். டீசல்காரன் சந்தோஷப்படலாம். பெட்ரோல்காரன் தன் பணத்துக்கு 160 குதிரைசக்தி டர்போ கிடைக்கிறது என்று தேற்றிக்கொள்ளலாம், டீசல் 116 தான். 2025 தீபாவளிக்கு முன்னால் ஜிஎஸ்டி குறைந்ததில் எல்லாமே கொஞ்சம் கீழே இறங்கின. ஆனாலும் கணக்குக்கு நான் அறிமுக விலையையே வைத்துக்கொள்கிறேன், நீங்கள் இன்றைய விலையைக் கேட்டு இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பாருங்கள். கிரெட்டா என்ற ஐந்து சீட் வண்டி இதே கம்பெனியில் 2024-இல் 11 லட்சத்தில் ஆரம்பித்துக் கிட்டத்தட்ட 20 லட்சம் வரை போனது. அதன் நீளம் 4,330 மில்லிமீட்டர், அல்கஸார் 4,560. சக்கரத்துக்குச் சக்கரம் (வீல்பேஸ் என்பது இதைத்தான்) 2,610 இருந்தது 2,760 ஆகியிருக்கிறது. ஆக, வெளியே 23 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. அந்த ஒரு சாணுக்குள் ஒரு வரிசை சீட்டைச் செருகித்தான் அல்கஸார். நான் குற்றமாகச் சொல்லவில்லை, எல்லோரும் செய்வதுதான். டாடாவும் ஹாரியரை நீட்டித்தான் சஃபாரி செய்தது, இரண்டுக்கும் வீல்பேஸ் ஒன்றே, 2,741. 2023 அக்டோபரில் புது முகத்தில் வந்தபோது ஹாரியர் 15.49, சஃபாரி 16.19. எழுபதாயிரத்துக்கு ஒரு வரிசை சீட். ஹூண்டாய் அப்படிச் செய்யவில்லை. கிரெட்டாவின் கடைசிப் படியையே இங்கே கொண்டுவந்து முதல் படியாக வைக்காமல், நடுவில் ஒரு இடம் பார்த்து 14.99-இல் ஆரம்பித்தார்கள். கிரெட்டாவில் நடு வேரியண்ட் பார்க்கிறவனைக் கையைப் பிடித்து இழுப்பதற்கான விலை அது. 'இன்னும் கொஞ்சம் போட்டால் பெரிய வண்டியாச்சே' என்று நினைக்க வைத்தால் போதும், அதற்கப்புறம் வேரியண்ட் ஏணியில் அவனே ஏறிக்கொள்வான். நானும் அப்படித்தான் ஏறினேன். எக்சிகியூட்டிவ் விலையைக் கேட்டுக்கொண்டு உள்ளே போய், பிளாட்டினம் பிரோஷரோடு வெளியே வந்தேன்.

எனக்கு நெருடலாக இருப்பது வேறு ஒரு வண்டி. கியா கேரன்ஸ் கிளாவிஸ். அதுவும் ஹூண்டாய்க் குடும்பம்தான், ஆந்திராவில் அனந்தப்பூர்ப் பக்கம் செய்கிறார்கள். அல்கஸார் நம்ம ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை. கிளாவிஸ் நீளம் 4,550, அல்கஸாரை விட ஒரு சென்டிமீட்டர்தான் குறைவு. வீல்பேஸ் 2,780, அல்கஸாரை விடக் கூட. அதே 1.5 டர்போ பெட்ரோல், அதே 1.5 டீசல் அதிலும் கிடைக்கிறது. 2025 மே மாதம் 11.50 லட்சத்தில் ஆரம்பித்தார்கள், அந்த ஆரம்ப விலைக்கு டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜின் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சரி, வித்தியாசம் எங்கே? ஒன்றை எம்பிவி (பல பேர் போகிற குடும்ப வண்டி) என்கிறார்கள், மற்றதை எஸ்யுவி என்கிறார்கள். பானெட் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது, முகத்தில் கொஞ்சம் மிடுக்கு. அந்த மிடுக்குக்குத்தான் விலை. கல்யாண மண்டபத்து வாசலில் இறங்கும்போது அந்த மிடுக்கு தேவைப்படுகிறது என்பதும் உண்மை, நான் மட்டும் யோக்கியன் மாதிரி பேச முடியாது. 'கேரன்ஸா? டாக்சிக்கு ஓட்டறாங்களே அதுங்களா?' என்று என் மனைவியின் அண்ணன் பொள்ளாச்சியில் கேட்ட ஒரு கேள்வியில் மூன்று லட்ச ரூபாய் மிச்சம் பிடிக்கும் யோசனை செத்துப்போயிற்று. அவரிடம் அல்கஸார் டீசல் இருக்கிறது.

இனி எல்லைக் கதைக்கு வருகிறேன்.

எக்ஸ் ஷோரூம் விலை பாலக்காட்டிலும் கோயமுத்தூரிலும் ஒன்றுதான். ரோடு வரி வேறு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து பத்து முதல் இருபது லட்சம் வரை 18 சதவிகிதம், இருபதுக்கு மேல் 20 சதவிகிதம். கேரளாவில் படிகள் இன்னும் நெருக்கம். பத்து முதல் பதினைந்து லட்சம் வரை 15, பதினைந்து முதல் இருபது வரை 17, இருபதைத் தாண்டினால் ஒரே தாவலாக 22. இதை வைத்து அல்கஸார் விலைப் பட்டியலை மறுபடி படியுங்கள், வேறு மாதிரி தெரியும்.

பெட்ரோல் எக்சிகியூட்டிவ் 14.99. பதினைந்துக்கு ஆயிரம் ரூபாய் கம்மி. எங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு வரி சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம், கோயமுத்தூரில் 2 லட்சத்து 70 ஆயிரம். டீசல் எக்சிகியூட்டிவ் 15.99, அதாவது 17 சதவிகிதப் படிக்குள் விழுந்தாயிற்று, வரி 2 லட்சத்து 72 ஆயிரம். ஒரு லட்சம் கூடுதல் விலை கொடுத்ததற்கு 47 ஆயிரம் கூடுதல் வரி! தமிழ்நாட்டில் அதே ஒரு லட்சத்துக்கு 18 ஆயிரம்தான் ஏறும்.

இது சின்ன விஷயம். பெரிய விஷயம் பிளாட்டினத்தில் இருக்கிறது. எனக்கு ஏடாஸ் (முன்னால் ஆபத்து வந்தால் தானே எச்சரித்து பிரேக் போடும் வசதி) வேண்டும், ராத்திரி பொள்ளாச்சி ரோட்டில் லைட் போடாத டிராக்டருக்குப் பின்னால் போய் ஒரு தடவை பிரேக் அடித்தவன் நான், அதனால் பிளாட்டினத்துக்குக் கீழே இறங்க மனசில்லை. பிளாட்டினம் மேனுவல் 19.46, கேரளா வரி சுமார் 3 லட்சத்து 31 ஆயிரம். ஆட்டோமேட்டிக் 20.91, கேரளா வரி 4 லட்சத்து 60 ஆயிரம். விலைப் பட்டியலில் ஆட்டோ கியருக்கு வித்தியாசம் 1 லட்சத்து 45 ஆயிரம் என்றுதான் போட்டிருக்கும். எங்கள் ஊரில் அந்த கியருக்கு உண்மையான விலை 2 லட்சத்து 74 ஆயிரம். கிளட்ச் மிதிக்காமல் இருப்பதற்கு மட்டும். கோயமுத்தூர்க்காரருக்கு இதே கியர் 2 லட்சத்து 13 ஆயிரத்தில் முடிந்துவிடும்.

இன்னொரு கோணத்திலும் பாருங்கள். மேனுவல் எடுத்தால் கேரளாக்காரன் நான் கோயமுத்தூர்க்காரரை விடச் சுமார் 20 ஆயிரம் கம்மியாக வரி கட்டுகிறேன். ஆட்டோமேட்டிக் எடுத்தால் 42 ஆயிரம் கூடக் கட்டுகிறேன். வண்டி ஒன்றே, வேரியண்ட் ஒன்றே. கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் லாபமாக இருப்பது இருபது லட்சத்தைத் தாண்டியவுடன் அந்தப் பக்கம் லாபமாகிவிடுகிறது. இந்த இருபது லட்சக் கோடு கம்பெனிகளுக்குத் தெரியாமல் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. மஹிந்திரா 2024 ஜூலையில் எக்ஸ்யுவி 700-இன் ஏஎக்ஸ்7 வேரியண்ட்டுக்கு நாலு மாதத்துக்கு விலையைக் குறைத்தபோது 19.49 லட்சம் என்று கொண்டுவந்து நிறுத்தியது. அல்கஸார் பிளாட்டினம் அதே வருடம் செப்டம்பரில் 19.46. இரண்டுக்கும் மூவாயிரம்தான் வித்தியாசம். தற்செயலாகவும் இருக்கலாம், நான் கொப்பரை வியாபாரி, பக்கத்துக் களத்தில் என்ன விலை போட்டிருக்கிறான் என்று பார்க்காமல் நான் ஒரு நாளும் விலை சொன்னதில்லை.

அப்படியானால் தமிழ்நாட்டு விலாசம் ஒன்றைக் கொடுத்துப் பதிவு பண்ணிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மாமனோ சித்தப்பாவோ இருப்பார்கள், பலர் செய்கிறார்கள். ஆனால் சட்டப்படி வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ அங்கேதான் பதிவு, வேறு மாநில நம்பரோடு பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஒரே இடத்தில் ஓட்டக் கூடாது. தினமும் பார்க்கிற ஆர்.டி.ஓ. ஆளிடம் தினமும் சிரித்துக்கொண்டு போக என்னால் முடியாது. டி.ஆர். (தற்காலிகப் பதிவு) வாங்கிக் கோயமுத்தூரில் எடுத்து இங்கே கொண்டுவந்து பதிவு செய்வது நேர்மையான வழி, அதில் வரி மிச்சம் கிடையாது, ஷோரூமில் கிடைக்கும் தள்ளுபடி மட்டும்தான் லாபம்.

தள்ளுபடி என்றதும் ஷோரூம் ஞாபகம் வருகிறது. எந்த ஷோரூம், எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. ஒரு இடத்தில் கொட்டேஷன் கொடுத்தார்கள், கீழே போகப் போக எழுத்து சின்னதாகிக்கொண்டே போனது. எக்ஸ் ஷோரூம், வரி, இன்ஷூரன்ஸ், அதற்குக் கீழே 'எசன்ஷியல் கிட்' என்று ஒரு தொகை, அதற்கும் கீழே ஹேண்ட்லிங் என்று ஒரு தொகை. எசன்ஷியல் கிட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டால் மேட், மட்ஃபிளாப், ஒரு கார் கவர், ஒரு பிள்ளையார். பிள்ளையாருக்கு ஜிஎஸ்டி உண்டா என்று அப்பா கேட்டார், அந்தப் பையன் சிரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் வெளியே எடுத்துக்கொள்கிறேன் என்றதும் முகம் மாறிவிட்டது. எங்கே எடுப்பது என்பது நம் இஷ்டம், கட்டாயப்படுத்தக் கூடாது, இதைத் தைரியமாகச் சொல்லுங்கள். ஹேண்ட்லிங் தொகையைக் கேள்வி கேட்டவுடன் மானேஜர் வந்து பேனாவால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டார், அவ்வளவு சுலபமாக அடிக்கக் கூடியதை ஏன் எழுதினார்கள் என்று இன்னும் புரியவில்லை. பத்து லட்சத்துக்கு மேல் என்பதால் ஒரு சதவிகிதம் டிசிஎஸ் (விற்கிறவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) என்று ஒரு தொகை இருக்கும், அது மட்டும் நியாயமானது, வருமான வரிக் கணக்கில் திரும்ப வந்துவிடும், அதற்குச் சண்டை போடாதீர்கள்.

மூன்றாவது வரிசை. ஏழு சீட் விமர்சனம் எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் போனால் எப்படி. பாலக்காட்டில் ஒரு கடையில் (அல்கஸார் இல்லை, வேறு ஒன்று) அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்துப் பார்த்தேன். நடு சீட்டை மடக்கித் தூக்கிவிட்டார்கள். அம்மா ஒரு காலை உள்ளே வைத்தார், சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் எதைப் பிடிப்பது என்று தேடினார், பிடிக்க ஒன்றும் இல்லை, மடக்கின சீட்டின் இரும்புக் கம்பியைப் பிடித்தார், அது ஆடியது. ஒரு வழியாக உள்ளே போய் உட்கார்ந்ததும் முழங்கால் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. விற்பனைப் பையன் என்னிடம் மெதுவாக, 'பின்னிலெ சீட் குட்டிகள்க்கா சேட்டா' என்றான். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். 'ஏங்கண்ணு, இதுல உக்காந்துட்டுப் பழனி வரைக்கும் போனா எறங்கறப்ப என்னெயத் தூக்கித்தான் எறக்கோணும்' என்றார். அதற்கப்புறம் எந்தக் கடைக்குப் போனாலும் நேராக முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நாலரை மீட்டர் நீளத்தில் மூன்று வரிசை என்றால் எந்தக் கம்பெனி செய்தாலும் கடைசி வரிசை இப்படித்தான் இருக்கும். 4,668 நீள சஃபாரியிலும் 4,695 நீள எக்ஸ்யுவி 700-லும் பத்துப் பதிமூன்று சென்டிமீட்டர் கூடக் கிடைக்கிறது, அது எல்லாம் கடைசி வரிசைக்கே போவதில்லை. மச்சானிடம் அல்கஸாரை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கிக்கொண்டு குருவாயூர் போய் வந்தோம். குதிரான் சுரங்கம் வந்த பிறகு அந்த ரோடு அலுப்பே இல்லை. குழந்தைகள் இரண்டும் கடைசி வரிசையில் ஏசி வென்ட்டுக்குச் சண்டை போட்டுவிட்டுத் தூங்கிப்போனார்கள், திருச்சூர் வரை எழுந்திருக்கவில்லை. டீசல் இன்ஜின் ஏழு பேரோடு ஏசி போட்டுக்கொண்டு சலிக்காமல் போகிறது. சாமான்தான். கடைசி வரிசையை நிமிர்த்தினால் டிக்கியில் 180 லிட்டர் இடம். இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்பது என்று காகிதத்தில் கணக்குப் போடலாம், ஆனால் கேன் உருண்டை, டிக்கி சரிவு. எங்களுக்கு இரண்டு பை, அம்மாவின் எவர்சில்வர் தூக்கு, ஒரு பிளாஸ்க், அதோடு சரி. வரும்போது வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டுகள் அத்தனையும் தம்பி மகனின் மடியில்.

அதனால்தான் சொல்கிறேன், அல்கஸாருக்குப் போட்டி சஃபாரியோ எக்ஸ்யுவி 700-ஓ இல்லை. விளம்பரம் அந்த வரிசையில் நிற்க வைத்தாலும், விலை அதை வேறு இடத்தில் நிற்க வைத்திருக்கிறது. இது ஐந்து பேர் குடும்பத்துக்கு, வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் இரண்டு குழந்தைகள் கூட வந்தால் சமாளிக்கிற வண்டி. அந்த நாட்களுக்கு நீங்கள் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதுதான் கேள்வி. தினமும் ஏழு பெரியவர்கள் என்றால் பேசாமல் இன்னோவா பக்கம் போய்விடுங்கள், பணம் போதாதென்றால் எர்டிகா. இரண்டும் அந்த வேலைக்கென்றே பிறந்தவை.

இப்போது ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22-இல் வரி மாறியபோது எல்லோருக்கும் குறைந்தது என்று கொண்டாடினோம், ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் குறையவில்லை. நாலு மீட்டருக்குள் சின்ன இன்ஜின் வைத்த வண்டிகளுக்கு 29-லிருந்தும் 31-லிருந்தும் நேராக 18-க்கு வந்துவிட்டது. ரெனோ ட்ரைபர் அந்தக் கூட்டம், 3,990 மில்லிமீட்டருக்குள் ஏழு சீட் வைத்திருக்கிறார்கள், அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மறு முனையில் 1,500 சிசிக்கு மேல் இருக்கும் பெரிய எஸ்யுவிகள் 50-லிருந்து 40. நடுவில் மாட்டிக்கொண்டது அல்கஸார் மாதிரி 1,500-க்குள் இன்ஜின் வைத்த நாலு மீட்டருக்கு மேற்பட்ட வண்டிகள், 45-லிருந்து 40. நூறு ரூபாய் வண்டிக்கு 145 கொடுத்த இடத்தில் 140, மூன்றரை சதவிகிதம்தான். அல்கஸாருக்கு அதிகபட்சம் 75,376 ரூபாய் குறைந்தது. சஃபாரிக்கு 1.45 லட்சம் வரை, எக்ஸ்யுவி 700-க்கு 1.43 லட்சம் வரை. பெரிய வண்டிக்கும் அல்கஸாருக்கும் இருந்த இடைவெளி ஒரே ராத்திரியில் அறுபது எழுபது ஆயிரம் சுருங்கிவிட்டது. சின்ன இன்ஜின் வைத்து வரியில் சம்பாதித்த லாபம் முழுவதையும் அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024-இல் நியாயமாகத் தெரிந்த விலை 2025 கடைசியில் கொஞ்சம் இறுக்கமாகத் தெரிவது இதனால்தான்.

சின்ன இன்ஜினுக்கு மிச்சமிருக்கும் லாபம் இன்ஷூரன்ஸில். டீசல் 1,493 சிசி, அதனால் புது வண்டிக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி 10,640 ரூபாய். 1,500-ஐத் தாண்டிய வண்டிக்கு அதே 24,596. டீசல் செலவைப் பற்றி எங்களுக்குக் கவலை கம்மி, கேரளாவில் 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு இரண்டு ரூபாய் செஸ் வேறு போட்டிருப்பதால் இங்கே யாரும் அவசரத்துக்குத் தவிர டேங்கை நிரப்புவதில்லை, எல்லை தாண்டிய முதல் பெட்ரோல் பங்கில் பாதி வண்டி கே.எல். நம்பராகத்தான் நிற்கும்.

ஆக, என் கணக்கில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த வண்டியில் நியாயமான ஒரே வேரியண்ட் பிளாட்டினம் டீசல் மேனுவல். பெட்ரோல் எக்சிகியூட்டிவ் விலைக்குக் கிளாவிஸில் இன்னும் நல்லது கிடைக்கும், பிரெஸ்டீஜில் ஏடாஸ் இல்லை, பிளாட்டினம் ஆட்டோமேட்டிக் எடுத்தால் இருபது லட்சக் கோட்டைத் தாண்டி வரியில் கொட்ட வேண்டும். கோயமுத்தூர், பொள்ளாச்சி ஆட்கள் ஆட்டோமேட்டிக்கையும் யோசிக்கலாம், அங்கே அடி அவ்வளவு பலமில்லை. ஜிஎஸ்டி குறைந்ததில் ஏடாஸ் உள்ள ஏதாவது ஒரு ஆட்டோமேட்டிக் வேரியண்ட் இருபதுக்கு உள்ளே வந்திருந்தால் மேலே சொன்னதெல்லாம் தலைகீழாகிவிடும், அதை முதலில் கேளுங்கள். ஒரு ஆயிரம் ரூபாய் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆனாலும் கேரளாவில் ஒரு லட்சம் மாறும்.

இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி மனைவியிடம் காட்டினேன். அவள் சித்தூரில் ஸ்கூல் டீச்சர், வண்டியைத் தினமும் ஓட்டப் போவது அவள்தான். முழுவதையும் பொறுமையாகப் படித்துவிட்டு, 'கணக்குப் போடறது நீங்க, கிளட்ச் மிதிக்கறது நானுங்க' என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் காலையில் அவளாகவே வந்து, அந்த 2 லட்சத்து 74 ஆயிரம் என்பது உண்மைதானா, எங்கேயாவது ஒரு சைபர் தப்பாகப் போட்டுவிட்டேனா என்று கேட்டாள். போடவில்லை.

டிசம்பர் கடைசி வாரம் பாலக்காடு, கோயமுத்தூர் இரண்டு பக்கமும் போய் உட்காரலாம் என்றிருக்கிறேன், வருடம் முடிவதற்குள் பழைய ஸ்டாக்கைத் தள்ள வேண்டும் என்ற அவசரம் அப்போது அவர்களுக்கு இருக்கும். ஆர்.சி. முடியப் போகிற அவசரம் எனக்கு இருப்பதை மட்டும் சொல்லக் கூடாது. அதுவரைக்கும் பழைய வண்டியில் அந்த வேறு கலர் கைப்பிடியை மாட்டியாயிற்று. முன்பிருந்ததை விடக் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கிறது, அம்மாவுக்கு மட்டும் இன்னும் உள்ளேயிருந்து திறக்க வரவில்லை.